ஆள் இறங்கிய துறை
ஊவாவின் வழித்தடங்கள் – 9

சென்ற இதழில் தவளம் மாடுகளின் பின்னால் போனோம். அம்பாந்தோட்டை உப்பும் மட்டக்களப்புக் கருவாடும் பொதிமாட்டு முதுகில் மலையேறி ஊவாவுக்கு வந்த கதை அது. அந்தப் போக்குவரத்தை நடத்திய முஸ்லிம்களுக்கென்று 1817இல் ஹாஜி மரிக்காரை ஆங்கிலேயர் தனி முகாந்திரமாக நியமித்தார்கள். ஊவா–வெல்லஸ்ஸக் கிளர்ச்சி மூள அந்த நியமனமும் ஒரு பொறியாயிற்று என்பதையும் பார்த்தோம். உப்பு இல்லாமல் மலைநாடு வாழாது. அதனால் கடலில்லாத இந்த நாட்டில் கடற்கரைப் பாதையை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்பது அன்றைக்கே அரசியல்.

கிளர்ச்சி அடங்கி, அதன் தலைவன் கெப்பெட்டிபொலவின் தலை விழுந்து, ஒரு தலைமுறை கழிந்தபோது ஊவாவின் சரிவுகளில் கோப்பி ஏறியது. அதன்பின் இந்த மண்ணுக்கு இரண்டு கடல்வாசல்கள் அமைந்தன. விளைந்தது போன வாசல் கொழும்பு. கோப்பி மாட்டு வண்டியில் ஹல்துமுல்லை, பலாங்கொடை, இரத்தினபுரி வழியே இறங்கிக் கொழும்புத் துறைமுகத்தில் கப்பலேறியது. பின்னால் தேயிலை ரயிலில் போய் அதே துறைமுகத்தில் ஏறியது. விளைவித்த மனிதர்கள் வந்த வாசல் வேறு. அது வடமேற்கு மூலையில் மணலும் பனையும் பெருக்குமரங்களும் கழுதைகளும் நிறைந்த மன்னார்க் கரை. அதன் நுனியில் இருப்பது தலைமன்னார் என்ற மீன்பிடிக் கிராமம். கொழும்பைப் பற்றி நூலகம் நிறையப் புத்தகம் இருக்கிறது. தலைமன்னாரைப் பற்றி ஊவாத் தோட்டங்களில் இருப்பதெல்லாம் கிழவிகளின் பேச்சுத்தான். ஆகவே இந்த இதழை அந்தச் சிறு துறைக்கே விட்டுவிடுகிறேன். பதுளை வரலாற்றில் மன்னார் எதற்கு என்று கேட்பவர்கள் கடைசிவரை படிக்க வேண்டும்.

தலைமன்னாருக்கு முன்னால் துறைகள் பல. இராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சை, திருச்சி, சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கங்காணி திரட்டிய ஆட்கள் நடந்தே கடற்கரைக்கு வருவார்கள். தொண்டி, அம்மாப்பட்டினம், தேவிபட்டினம், பாம்பன் என்று எங்கே தோணி கிடைக்கிறதோ அங்கே ஏறுவார்கள். இக்கரையில் அரிப்பு, வங்காலை, தலைமன்னார் என்று காற்று கொண்டுபோய்ச் சேர்த்த இடத்தில் இறங்குவார்கள். அரிப்பு அந்நாளில் பேர்பெற்ற ஊர். முத்துக்குளிப்பைப் பார்வையிட ஆளுநர் பிரடெரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய மாளிகையின் இடிபாடு இன்னும் கடலரிப்புக்கு நடுவில் நிற்கிறது. முத்து எடுக்கும் காலத்தில் அங்கே வியாபாரிகள் கூடுவார்கள், காவல் இருக்கும், கணக்கு எழுதுவார்கள். அதே மணலில் இறங்கிய தோட்டத்து ஆட்களுக்கு நெடுங்காலம் ஒரு கொட்டகைகூட இல்லை. சிப்பியை ஒவ்வொன்றாய் எண்ணிய அரசாங்கம் இவர்களை எண்ணத் தொடங்கப் பல ஆண்டுகள் ஆயின.

இறங்கியபின் நடை. வடக்குப் பாதை என்று ஆவணங்கள் சொல்லும் அந்த வழி மன்னாரிலிருந்து மதவாச்சி, அனுராதபுரம் பக்கம், தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளைக்கு ஏறத்தாழ 150 மைல். பாதி தூரம் ஆளில்லாக் காடு. குளங்கள் வற்றினால் குடிநீர் இல்லை. இருக்கிற குட்டையில் வாந்திபேதி. விழுந்தவரைத் தூக்கிச் செல்ல ஆளில்லாமல் விட்டுவிட்டுப் போனதைத் தோட்டத் துரைமார்களே எழுதிவைத்திருக்கிறார்கள். ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில், 1858இல், குடிவரும் தொழிலாளர்களைக் கவனிக்க ஓர் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. வழியில் தங்குமடங்களும் கிணறுகளும் மெல்ல வந்தன. இரக்கத்தைவிட ஆள் தட்டுப்பாடுதான் அதற்குக் காரணம் என்றே நான் நினைக்கிறேன். கோப்பிப் பழம் உதிர்ந்து வீணாகும்போதுதான் வழியில் செத்தவர்களின் கணக்கு தோட்டக்காரர் கண்ணில் பட்டது.

மாத்தளையில் முத்துமாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுப் பிரிவார்கள். கண்டி, புசல்லாவைப் பக்கம் போகிறவர்களுக்குப் பயணம் முடிந்தமாதிரி. ஊவாவுக்கு எழுதப்பட்டவர்களுக்கோ இன்னொரு நடை மிச்சம். கண்டிக்கு இறங்கி, ரம்பொடைக் கணவாய் ஏறி, நுவரெலியாவில் குளிரில் நடுங்கி, ஹக்கலை, வெலிமடை, எட்டம்பிட்டிய, ஹாலிஎல என்று பதுளைக்கு வர மேலும் 100 மைல். சமவெளிச் சூட்டுக்கு உடுத்திய ஒற்றை வேட்டியோடும் சேலையோடும் 6,000 அடிக்கு மேலே ஏறி மறுபக்கம் இறங்கினார்கள். இலங்கைத் தோட்டங்களிலேயே தொலைதூரம் நடந்து சேர்ந்தவர்கள் ஊவாக்காரர்கள். மதுல்சீமைக்கும் லுணுகலைக்கும் போனவர்கள் பசறையையும் தாண்டி நடந்தார்கள்.

கோப்பிக் காலத்தில் இந்தத் துறைகளின் தொழில் இருபக்கமும் ஓடியது. பழம் பறிக்கும் பருவத்துக்கு வருவார்கள், பருவம் முடிந்ததும் சேர்த்த காசோடு ஊருக்குத் திரும்பி அங்கே நடவுக்கோ அறுப்புக்கோ நிற்பார்கள். வந்தவர்களில் பெரும்பாலும் ஆண்கள். துறையில் சத்திரம் நடத்தியவர், சோறு விற்றவர், தோணிக்காரர் எல்லாருக்கும் வருகையிலும் காசு, போகையிலும் காசு. இதை முறித்தது ஒரு பூஞ்சணம். 1869இல் மதுல்சீமைத் தோட்டமொன்றில் கோப்பி இலையின் அடியில் மஞ்சள் பொடி படிந்திருந்ததைக் கண்டார்கள். பேராதனைத் தாவரத் தோட்டத்தின் துவெய்ட்ஸ் அதை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பெர்க்லி அதற்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பேர் வைத்தார். உலகத்துக் கோப்பியையே உலுக்கிய நோய் தோட்டங்களில் முதலில் கண்ணில் பட்டது நம் ஊவா மண்ணில்தான். 1880களில் கோப்பி படுத்தது. சரிந்த தோட்டங்களில் கூலி கிடைக்காமல் அதே பாதையில் திரும்பி நடந்தவர்கள் ஏராளம்.

அடுத்து வந்த தேயிலை அவர்களைத் திரும்ப விடவில்லை. கோப்பிக்குப் பருவம் உண்டு. தேயிலை ஏழு எட்டு நாளைக்கொருமுறை கொழுந்து விடும், ஆண்டு முழுக்க விடும். வாரக்கணக்கில் விட்டால் இலை முற்றிவிடும். ஆகவே நிரந்தரமாய் ஆள் வேண்டும். கொழுந்தெடுக்கப் பெண்கள் வேண்டும். பெண் வந்தால் குடும்பம் வரும், வரிசை வீடாக லயம் கட்ட வேண்டும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பிள்ளைக்காம்பரா வேண்டும். 1890இல் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைப் பக்கம் தம்பேத்தன்னை உட்படத் தோட்டங்களை வாங்கியபோது ஊவாவின் தேயிலை லண்டன் மளிகைக்கடை வரைக்கும் போயிற்று. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் கச்சான் காற்றில் காய்ந்து, ஊவாக் கொழுந்துக்கு ஏறும் மணத்துக்கு இன்றும் தனி விலை. மன்னார் மீனவருக்கு அதே கச்சான் கடலைக் கொந்தளிக்க வைக்கும் காற்று.

இனி இந்தத் துறைகளின் உண்மையான சரக்கு எப்படிக் கைமாறியது என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். துரை கங்காணிக்கு முன்பணம் கொடுப்பார். போதாவிட்டால் செட்டியாரிடம் வட்டிக்கு வாங்குவார். கங்காணி ஊருக்குப் போய் ஆள் கட்டுவார். சொந்தத்தில், சாதியில், பக்கத்து ஊரில் கடன்பட்டு நிற்கும் குடும்பமாகப் பார்ப்பார். அந்தக் கடனை அடைத்து, வழிச் சாப்பாடு போட்டு, தோணிக்கூலி கொடுத்து, கம்பளி வாங்கித் தந்து கூட்டிவருவார். ஒவ்வொரு காசும் ஆள் பேரில் ஏறும். தோட்டத்துக்கு வந்து முதல் நாள் ஆள் எண்ணும் பிரட்டுக்களத்தில் நிற்கும்போதே அவன் கடனாளி. சம்பளத்தில் அரிசிக்குப் பிடித்தது போக மிஞ்சியதில் அந்தக் கடன் கரையாது. தோட்டம் மாற நினைத்தால் துண்டு வேண்டும். இந்தக் கடனைத் தந்தால் இந்த ஆட்களை விடுகிறேன் என்று துரை எழுதித் தரும் சீட்டுக்கு அந்தப் பேர். மறுதோட்டம் கடனைக் கட்டும், ஆட்கள் கடனோடு சேர்ந்து போவார்கள். கங்காணிக்கோ தன் ஆட்கள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு. ஒரு பெரிய கங்காணி நூற்றுக்கணக்கான தலைகளுக்கு உடையவராக இருந்தார். துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. அதுவரை மன்னார்க் கரையில் கால் வைத்தவர் ஒவ்வொருவரும் தம் தலையில் இன்னொருவர் முதலைச் சுமந்தே வந்தார்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தியாவில் பிளேக் பரவியது. நோய் வரும் என்ற அச்சத்தில் வடக்குப் பாதை மூடப்பட்டது. தூத்துக்குடியிலிருந்து நீராவிக் கப்பலில் கொழும்பு, அங்கிருந்து ராகமைத் தடுப்பு முகாம், பிறகு ரயிலில் மலைநாடு என்று வழி மாறிற்று. தகர டிக்கெட் வந்ததும் இந்தக் காலத்தில்தான். உள்ளங்கையில் அடங்கும் தகர வில்லை. அதில் தோட்டத்தின் குறியும் எண்ணும் அடித்திருக்கும். நூலில் கோத்துக் கழுத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத ஆளை ரயில் நிலையத்திலும் முகாமிலும் யாரும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. தகரத்தைப் பார்த்தால் எந்தத் தோட்டத்துக்கு அனுப்ப வேண்டும் என்று தெரிந்துவிடும். பயணச் செலவை அரசாங்கம் தோட்டத்திடம் வசூலிக்கும், அது சுற்றிவந்து ஆள் கணக்கில் விழும். வழியில் தொலைந்து போவோரும் வேறு தோட்டம் பிடித்துப் போவோரும் குறைந்ததால் துரைமார் இதை மெச்சினார்கள். தகரத்தில் எண் இருந்தது, பேர் இல்லை. அரை நூற்றாண்டு கழித்து இது எவ்வளவு பெரிய குறை என்று தெரியவந்தது.

1914 தலைமன்னாரின் ஆண்டு. அந்தப் பெப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தது. தென்னிந்திய ரயில் தனுஷ்கோடி வரை ஓடிற்று. இக்கரையில் மதவாச்சியிலிருந்து மன்னார்த் தீவைக் கடந்து தலைமன்னாருக்குத் தண்டவாளம் போட்டு முடித்திருந்தார்கள். நடுவில் இருந்த 22 மைல் கடலுக்கு நீராவிக் கப்பல்கள் விடப்பட்டன. கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று வைஸ்ராய்களின் பேர்களே கப்பல்களுக்கு. எழும்பூரில் ரயிலேறி, தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறிக் கொழும்புக் கோட்டையில் இறங்கலாம். போட் மெயில் என்று இரு கரையும் சொன்னது இதைத்தான்.

மீன்பிடிக் கிராமத்திலிருந்து தள்ளி, இறங்குதுறையைச் சுற்றி ஒரு புது ஊர் முளைத்தது. அதற்கு இன்றும் பேர் தலைமன்னார் பியர். ரயில் கடலுக்குள் நீண்ட பாலத்தின் மேலேயே வந்து நிற்கும், மறுபக்கம் கப்பல் கட்டியிருக்கும். சுங்கம், குடிவரவு, வைத்தியப் பரிசோதனை, தபால் எல்லாம் சில நூறு அடிக்குள். ரயில்வேக்காரர், சுமைகூலிகள், சாப்பாட்டுக்கடைக்காரர், பணம் மாற்றுபவர் என்று பல ஊர்ச் சனம் குடியேறியது. முன்பு கருவாடும் சங்கும் பனம்பொருளும்தான் அந்தக் கரையின் வியாபாரம். இப்போது கப்பல் நேரமே ஊரின் கடிகாரம் ஆயிற்று. கோட்டும் தொப்பியுமாக முதல் வகுப்பில் வந்தவர்கள் எழுதிய பயணக் குறிப்புகளில் கடலின் நீலமும் சாப்பாட்டுப் பெட்டியும் வருகின்றன. அந்தத் துறையின் பெரிய வருமானமோ மூன்றாம் வகுப்பில் மூட்டையோடு வந்தவர்களால்.

அவர்கள் நேரே கப்பலேற முடியாது. மண்டபத்தில் இலங்கை அரசு, இந்திய மண்ணிலேயே, ஒரு பெரிய முகாம் நடத்தியது. ஆள் சேர்ப்பை மேற்பார்க்க 1904இல் திருச்சியில் தொடங்கிய இலங்கைத் தொழிலாளர் ஆணையகம் அனுப்பும் கூட்டமெல்லாம் முதலில் இங்கேதான் இறங்கும். அம்மை குத்துவார்கள், கொக்கிப்புழுவுக்கு மருந்து தருவார்கள், வாந்திபேதியும் பிளேக்கும் இல்லையென்று உறுதியாகும்வரை சில நாள் தடுத்துவைப்பார்கள். கங்காணி தன் ஆட்களை எண்ணிக்கொண்டே இருப்பார். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் குடும்பமே நின்றுவிடும். நின்ற ஒவ்வொரு நாளும் முன்பணத்தில் சாப்பாடு. மண்டபம் என்ற பேரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் அது இன்னும் இருமுறை வரும்.

தலைமன்னாரில் இறங்கிய பின் ஊவாக்காரரின் வழி மதவாச்சி, அனுராதபுரம், குருணாகல் தாண்டிப் பொல்காவலை. அங்கே மலைப்பாதைக் கோச்சிக்கு மாறி கடுகண்ணாவை, நாவலப்பிட்டி, ஹட்டன், நானுஓயா. 1885இல் ரயில் நானுஓயாவோடு நின்றிருந்தது. 1893இல் ஹப்புத்தளையும் அடுத்த ஆண்டில் பண்டாரவளையும் வந்தன. பட்டிப்பொலையில் 6,200 அடிக்குமேல் ஏறி, ஓஹியச் சுரங்கங்களைத் தாண்டிச் சட்டென்று ஊவாப் பள்ளத்தாக்கு திறக்கும் இடத்தில், வந்தவர்கள் முதன்முதலாகத் தாங்கள் வாழப்போகும் நாட்டைப் பார்த்தார்கள். பண்டாரவளைக்கு அப்பால் 30 ஆண்டுகள் நடைதான். ஒன்பது வளைவுப் பாலமும் தெமோதரைச் சுற்றும் கட்டி முடித்து, பதுளைக்கு ரயில் ஓடியது 1924 பெப்ரவரி 5ஆம் திகதி. தலைமன்னார் பியரிலிருந்து பதுளை வரை 500 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவான தண்டவாளம். முன்னோர் பல வாரம் நடந்த வழியை ஓர் இரவும் ஒரு பகலுமாகக் கடக்கலாம். ஸ்பிரிங்வெலி, தெமோதரை, கிளன்அல்பின், நமுனுகுலை, ஹொப்டன் என்று தோட்டத்து வண்டிகள் நிலையத்தில் வந்து நின்றன.

வசதி வந்ததும் போக்குவரவு பெருகியது. அடுத்த 15 ஆண்டுகளை அந்தத் துறையின் நல்ல காலம் என்று சொல்லலாம். 1923இல் இந்தியாவின் குடியேற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்து, பயணச் செலவைத் தொழிலாளி பேரில் கடனாக ஏற்றும் வழக்கம் நின்றது. கல்யாணத்துக்கும் குலதெய்வக் கிடாவெட்டுக்கும் ஊர் போய்வந்தார்கள். பிள்ளையை ஊரில் படிக்க வைத்தார்கள். மலையகத்தின் பெரும் எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் 1934இல் ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்தவர். கும்பகோணத்தில் சில காலம் படித்துவிட்டுப் பதுளை புனித பீட் கல்லூரிக்கு வந்தார். பதுளைத் தெளிவத்தைத் தோட்டத்தில் வேலை பார்த்ததால் அந்தப் பேரைத் தன் பேரோடு சேர்த்துக்கொண்டார். இரு கரையையும் ஒரே வீட்டின் இரண்டு அறைகளாக நினைத்து வளர்ந்த கடைசித் தலைமுறை அது. 1927 நவம்பரில் காந்தி பதுளைக்கு வந்து பேசியபோது கூடியவர்களில் பலர் அந்தக் கப்பலில் ஒருமுறைக்கு மேல் ஏறியவர்களாகவே இருந்திருப்பார்கள். 1930களின் தொடக்கத்தில் உலகச் சந்தை விழுந்து தோட்டங்கள் ஆள் குறைத்தபோது திரும்பிப் போன ஆயிரக்கணக்கானோரையும் அதே கப்பல்தான் ஏற்றிச் சென்றது.

1939இல் வாசல் பாதி அடைபட்டது. இலங்கை அரசு தன் திணைக்களங்களில் நாட்கூலிக்கு இருந்த இந்தியரை வேலைநீக்கம் செய்தது. ஜூலையில் நேரு வந்து பேசினார், பலனில்லை. அந்தப் பயணத்தில்தான் இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. ஓகஸ்ட் முதலாம் திகதியோடு தொழிலாளர் இலங்கைக்குப் போவதை இந்தியா தடை செய்தது. நூறாண்டு நடந்த ஆள் வரத்து நின்றது. இனி ஊவாத் தோட்டங்களில் பிறப்பவரே தொழிலாளர். மறு ஆண்டே பதுளை வேவஸ்ஸைத் தோட்டத்தில் பெரும் வேலைநிறுத்தம் நடந்ததை நான் தற்செயல் என்று கருதவில்லை. திரும்பிப் போக இடமில்லாதவர்கள் நின்ற இடத்தில் உரிமை கேட்கத் தொடங்கினார்கள்.

சுதந்திரம் கிடைத்த 1948இலேயே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கு, அல்லது பாட்டனும் பூட்டனும் பிறந்ததற்கு, ஆதாரம் காட்டச் சொன்னது. லயத்தில் பிறந்த பிள்ளைக்கு அத்தாட்சிப் பத்திரம் எங்கே? தாத்தா வந்த வருடத்துக்குச் சாட்சி கழுத்தில் கட்டிய தகரம் ஒன்றுதான், அதில் அவர் பேரே இல்லை. மண்டபத்தில் தடுத்து, தலைமன்னாரில் எண்ணி, அரசாங்கத்தின் கண்முன்னால் இறக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக் கள்ளத்தோணி என்றார்கள். இந்த நாட்டில் அவ்வளவு கணக்கோடு நுழைந்தவர்கள் வேறு யாரும் இல்லை என்பதை அடித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பம் போடப்பட்டது. கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு.

மிச்சமிருந்தவர்களை இரண்டு பிரதமர்கள் பங்கிட்டார்கள். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட உடன்படிக்கைப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னால் பேசுவதாய் விட்டு, 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். உடன்படிக்கையின் மை காய்ந்து எட்டு வாரம் ஆகவில்லை, டிசம்பர் 22ஆம் திகதி இரவு புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலைக் கடல் முழுதாக வாரிக்கொண்டு போயிற்று. அந்த ஊர் மறுபடி எழவில்லை. லட்சக்கணக்கானோரை அனுப்பத் தீர்மானித்த நேரத்தில் அக்கரைத் துறையே இல்லாமற் போயிற்று. பிறகு கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது.

1960களின் கடைசியில் தொடங்கி ஏறத்தாழ 15 ஆண்டுகள் தலைமன்னார் பியர் மறுபடி ஆட்களால் நிறைந்தது. இந்த முறை ஒருவழிச் சீட்டு. கண்டியில் இந்தியக் கடவுச்சீட்டு வாங்கி, குடும்ப அட்டை வாங்கி, சேமலாப நிதிக்கும் பணிக்கொடைக்கும் மாதக்கணக்காய் அலைந்து, நாள் குறித்ததும் தோட்டமே கூடிப் பதுளை நிலையத்துக்கு இறங்கும். அந்த ரயிலுக்கு மலையகம் வைத்த பேர் ஒப்பாரிக் கோச்சி. ஒரே லயத்தில் அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று தீர்ந்திருக்கும். கட்டிக் கொடுத்த மகள் புருஷன் பக்கம் எழுதப்பட்டு இங்கேயே நிற்பாள், பெற்றவர்கள் ஜன்னலுக்கு உள்ளே இருப்பார்கள். விசில் ஊதினால் பெண்கள் மாரடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். ஹாலிஎல, தெமோதரை, பண்டாரவளை, ஹப்புத்தளை என்று ஒவ்வொரு நிலையத்திலும் இன்னும் சில குடும்பங்கள் ஏறும், அழுகை அங்கே புதிதாகத் தொடங்கும். செத்தவருக்கு வைக்கும் ஒப்பாரியை உயிரோடு போகிறவருக்கு வைத்தார்கள், மறுபடி பார்க்கப் போவதில்லை என்று இரு பக்கமும் அறிந்திருந்ததால். 1973, 74இல் தோட்டங்களில் பட்டினி விழுந்தபோது, தயங்கி நின்றவர்களும் போய்ப் பிழைப்போம் என்று பேர் கொடுத்தார்கள்.

தலைமன்னாரில் சுங்கச் சோதனை முடிந்து இராமானுஜம் கப்பலில் ஏறினால் சில மணி நேரத்தில் இராமேஸ்வரம். அங்கிருந்து மண்டபம். பாட்டனை இலங்கைக்கு அனுப்பிய அதே முகாமில் பேரன் தாயகம் திரும்பியவன் என்ற பேரில் வரிசையில் நின்றான். நீலகிரியில் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களுக்குச் சிலர், கேரளத்திலும் கர்நாடகத்திலும் ரப்பர்த் தோட்டங்களுக்குச் சிலர், நூற்பாலைகளுக்குச் சிலர். வியாபாரக் கடன் என்று கொஞ்சம் பணம் வாங்கிக்கொண்டு, வியாபாரமே தெரியாமல் ஏதோ ஒரு ஊரில் இறங்கி எல்லாம் இழந்தவர்கள் நிறையப் பேர். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படிப் போனார்கள். கோத்தகிரியிலும் கூடலூரிலும் பதுளை, பசறை என்று சொன்னால் கண் கலங்கும் முதியவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

1983 ஜூலையில் பதுளை நகரில் தமிழர் கடைகள் எரிந்தன. மறு ஆண்டு கப்பல் நின்றது. இந்தியக் குடியுரிமை பெற்றும் போகாமல் இருந்தவர்கள் பல்லாயிரம். போகச் சொன்ன நாட்டில் இருக்க உரிமையில்லை, ஏற்ற நாட்டுக்குப் போகக் கப்பலில்லை என்று அவர்கள் நடுவில் நின்றார்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தபிறகே அவர்களில் மிச்சமிருந்தோரும் அவர்கள் பிள்ளைகளும் இலங்கையர் ஆனார்கள். கப்பல் நின்றபின் தலைமன்னார்க் கடலில் ஓடியது அகதிப் படகு. இரவில் புறப்பட்டு, மணல் திட்டில் இறக்கிவிடப்பட்டு, விடிந்தபின் மீட்கப்பட்டவர்கள் போய்ச் சேர்ந்ததும் மண்டபம்தான். அது இன்றும் இலங்கைத் தமிழ் அகதிகளின் முகாம். 1977க்குப் பிறகு வன்செயலுக்கு அஞ்சி மலையகத்திலிருந்து வவுனியாப் பக்கம் குடியேறி, அங்கிருந்தும் விரட்டப்பட்ட குடும்பங்கள் அந்தப் படகுகளில் இருந்தன.

துறைமுக ஊரும் தப்பவில்லை. கப்பல் நின்றதோடு கடைகள் மூடின. போர் தண்டவாளத்தைத் தின்றது. 1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் அனைவரையும் புலிகள் வெளியேற்றியபோது தலைமுறைகளாய் அங்கே வியாபாரம் செய்த குடும்பங்கள் போயின. பியரின் மரமும் இரும்பும் உப்புக்காற்றில் இற்றன. 2015 மார்ச்சில் ரயில் மீண்டும் தலைமன்னாருக்கு வந்தது. இந்தியப் பிரதமர் மோடி அங்கே போய்க் கொடியசைத்தார். கப்பல் வரவில்லை. 2023 ஒக்டோபரில் கப்பல் தொடங்கியது நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில். பதுளையிலிருந்து கோத்தகிரிக்குச் சாவுக்கோ கல்யாணத்துக்கோ போக வேண்டியவர் இப்போது கட்டுநாயக்கா போய் விமானம் ஏறுகிறார். கொழுந்து பறித்து வாங்கும் சம்பளத்தில் அந்தச் சீட்டை எடுக்க முடிந்தவர் குறைவு. ஆகவே தலைமன்னார்–இராமேஸ்வரம் கப்பல் மறுபடி ஓட வேண்டும் என்று ஊவாத் தோட்டங்களிலிருந்தும் குரல் எழ வேண்டும். அந்தக் கடலுக்கு இவர்களைவிட உரிமையுள்ளவர்கள் அதிகம் இல்லை.

(அடுத்த இதழில்: ஹல்துமுல்லை வண்டிப்பாதையும் அதில் வாழ்ந்த வண்டிக்காரர்களும்)